இரவுப் பணியில் பிரசவ வார்டுக்குத் தனியே ஒரு செவிலியர் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
செவிலியர்கள் (நிரந்தரம், ஒப்பந்தம் இரு தரப்பும்), அரசு வட்ட மருத்துவமனை. பெயர்களும் கையொப்பங்களும் தனித்தாளில்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள்.

பொருள்: இரவுப் பணியில் பிரசவ வார்டுக்குத் தனிச் செவிலியர் நியமிக்கவும், தொலைபேசி உத்தரவுகளுக்கு மருத்துவரின் கையொப்பம் கிடைக்கச் செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கலுக்கு முன் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனுவுக்கும், பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவுக்கும் இன்றுவரை பதில் இல்லை. இரண்டாவதற்கு மட்டும், "தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தொடர்புடைய அலுவலர் தாங்கள்தான். அதனால் மறுபடியும் தங்களிடமே வருகிறோம்.

எங்கள் மருத்துவமனையின் அமைப்பைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரசவ அறையும் தாய்மார் வார்டும் பழைய ஓட்டுக் கட்டடத்தில். பெண்கள் வார்டும் குழந்தைகள் வார்டும் புதுக் கட்டடத்தின் மாடியில். நடுவில் பிணவறைக்குப் போகும் சந்து. சென்ற ஆய்வின்போது அங்கே தேங்கிய மழைத்தண்ணீரில் செங்கல் போட்டு, அதன்மேல் தாங்களும் நடந்து வந்தீர்கள். அந்தச் செங்கற்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

1. இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இந்த இரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு செவிலியர். பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. அந்த அளவை நாங்கள் கேட்கவே இல்லை.

2. நாங்கள் கேட்பது பிரசவ வார்டைப் பற்றி மட்டும். குழந்தை பிறந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை தாயின் நாடி, ரத்த அழுத்தம், கருப்பை கெட்டியாக இருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். பிரசவ அறைகளின் தரத்துக்கான மத்திய அரசின் லக்ஷ்யா திட்ட ஆய்வுக்காகச் சுவரில் ஒட்டிய அட்டையும் அதைத்தான் சொல்கிறது. பிரசவ வலியில் இருப்பவருக்கு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, பிரசவம் எப்படிப் போகிறது என்று பதியும் பார்ட்டோகிராப் தாளில் குறிக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணி என்றால் மக்னீசியம் சல்பேட். முதலில் நரம்பில் 4 கிராம், இரண்டு இடுப்பிலும் 5 கிராம் வீதம், அப்புறம் நாலு மணிக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு முறை போடும் முன்பும் முழங்காலைத் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அடுத்த டோஸ் போடக்கூடாது. மூச்சு தடுமாறினால் போட, மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்து தட்டில் இருக்கிறது, ஐயா. எடுத்துப் போட வேண்டிய கை மாடியில் இருக்கிறது.

சென்ற மாதம் ஓர் இரவு நடந்ததும் இதுதான். இப்படி ஊசி போட்ட ஒரு பெண் கீழே. மாடியில் ஒரு குழந்தைக்கு மூச்சிழுப்பு; ஆக்சிஜன் வைக்கச் சிஸ்டர் ஓடினார். கர்ப்பிணியின் பக்கத்தில் நின்றது ஆயாம்மா. "மூச்சை எண்ணிக்கிட்டே இருங்க, குறைஞ்சா கத்துங்க" என்று ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலை. தாயும் பிழைத்தார், குழந்தைகளும் பிழைத்தன. ஆனால் மறுவாரம் அந்தச் சிஸ்டருக்கு மெமோ வந்தது: பார்ட்டோகிராபில் ஒரு மணி நேரம் ஏன் காலியாக இருக்கிறது என்று! அவர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர். எங்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்காவது 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, மேல்முறையீடு என்று படிகள் இருக்கின்றன. அவருக்கு என்ன இருக்கிறது? காலியாக இருந்த அந்த ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து நிரப்பியிருந்தால் மெமோ வந்திருக்காது. பார்க்காததைப் பார்த்ததாக எழுத மறுத்ததற்குத்தான் இந்தத் தண்டனையா?

3. சட்டம் எங்களைச் சும்மா விடாது என்பதும் தாங்கள் அறிந்ததே. கவனக்குறைவால் மரணம் என்றால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1), அதிகபட்சம் 5 ஆண்டு. சிகிச்சை அளிக்கையில் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் அந்த விலக்கு. எங்கள் பெயர் செவிலியர் பதிவேட்டில் இருக்கிறது. ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே இரவு. டாக்டருக்கு 2, எங்களுக்கு 5. சட்டத்தை மாற்றச் சொல்லித் தங்களிடம் கேட்கவில்லை. அது தங்கள் கையில் இல்லை. டூட்டி பட்டியல் தங்கள் கையில் இருக்கிறது.

4. தொலைபேசி உத்தரவு. இரவில் ஆன்-கால் மருத்துவர் வீட்டிலிருந்து, "போட்டுடுங்க சிஸ்டர், காலையில் வந்து எழுதறேன்" என்கிறார். காலையில் வெளிநோயாளிக் கூட்டம், எழுதுவதில்லை. கேஸ் ஷீட்டில் மருந்துக்கு எதிரே எங்கள் கையெழுத்து மட்டும் நிற்கிறது. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் உத்தரவு கொடுத்தது யார்? நல்ல மருத்துவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல இந்த மனு இல்லை. ஆனால் நீதிமன்றம் கேஸ் ஷீட்டைத்தான் பார்க்கும்.

5. சம்மதப் படிவம். அறுவைச் சிகிச்சை ஏன், அதில் என்ன ஆபத்து என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். எங்களிடம் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள்.

6. எச்ஐவி முடிவைக் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி அது தவறு. வார்டில் பார்க்க வருகிறவர் எல்லோரும் படிக்கிறார்கள்.

ஐந்தும் ஆறும் பிறகு ஆகட்டும், ஐயா. இரண்டாவதை மட்டும் முதலில் செய்யுங்கள். பகலில் வெளிநோயாளிப் பிரிவுக்கும் தடுப்பூசிக்கும் முகாமுக்கும் ஆள் ஒதுக்க முடிகிறது. அமைச்சர் வரும் நாளில் வார்டுக்கு இருவர் நிற்க முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கும் பெண்ணுக்கு ஒருவரைத் தர முடியாதா? புதுப் பணியிடம் உருவாக்க அரசாணை வேண்டும், தெரியும். அதுவரை பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பத் தங்கள் கையெழுத்தே போதும் அல்லவா?

ஆகவே, பிரசவ வார்டுக்கு இரவில் தனிச் செவிலியர் ஒருவரை நியமிக்கும்படியும், தொலைபேசி உத்தரவுகளில் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் கையொப்பமிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படியும், மேற்படி மெமோவை ரத்து செய்யும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தர இயலாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். அந்தக் கடிதத்தைப் பிரசவ அறை ரிப்போர்ட் புக்கின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த மாத டூட்டி பட்டியல் 25-ஆம் தேதி போடப்படும். அதற்கு முன் உத்தரவு வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
செவிலியர்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்.