‘யாரை உட்கார வைத்தாலும்’ என்று எழுதிய அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவரா என்று கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. ரசிகர்கள் கேட்கிற கேள்விதான், கேட்கலாம். ஆனால் கட்டுரையின் நடுவில், “அந்த மெர்சிடஸ் காரில் யாரை உட்கார வைத்தாலும் ஏழு பட்டம் வாங்கியிருப்பார்கள்” என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு இதழை மூடி வைத்தவன், இரண்டு நாள் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

முதலில் ஒரு பிழை. ஏழு உலகப் பட்டங்களையும் அவர் மெர்சிடஸில் வாங்கவில்லை. முதல் பட்டம் 2008-இல், மெக்லாரன் என்ற வேறு அணியின் காரில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வந்தது. பிரேசில் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், கடைசி வளைவுகளுக்கு வந்த பிறகு முடிவான பட்டம் அது. உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் நடத்துகிற பக்கத்தில் இது எப்படித் தப்பியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஹாமில்டன் ரசிகன் கோபத்தில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் மைக்கேல் ஷூமாக்கரின் ரசிகன். 1996-இல் ஸ்பெயினில் கொட்டுகிற மழையில், அவ்வளவாகச் சரியில்லாத ஒரு ஃபெராரியை வைத்துக்கொண்டு அவர் ஜெயித்த நாளிலிருந்து இந்த விளையாட்டைப் பார்த்து வருகிறேன். அவருடைய 91 வெற்றிகளை யாரும் நெருங்கவே கூடாது என்று ஆசைப்பட்டவன். 2020 அக்டோபரில் நூர்பர்க்ரிங்கில் ஹாமில்டன் அந்த எண்ணைத் தொட்டார். ஷூமாக்கரின் மகன் மிக் தன் தந்தையின் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று இரவு தூங்கவும் இல்லை. ஆனாலும் அந்த எண் நியாயமாகத்தான் கைமாறியது. அதை மனசாரச் சொல்ல எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

சரி, கார்தான் ஜெயிக்கிறது என்ற வாதத்துக்கு வருவோம். ஃபார்முலா ஒன்னில் காருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை யார் மறுக்கிறார்கள்? 1988-இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. 2014-இல் மெர்சிடஸ் 19-இல் 16. மோசமான காரை வைத்துக்கொண்டு எந்த மேதையாலும் ஆண்டு முழுவதும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் இந்த விளையாட்டில் ஓட்டுநரை அளக்க நம்பகமான அளவுகோல் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதே அணியில், அதே காரை ஓட்டுகிற இன்னொருவர் என்ன செய்தார்? உங்கள் கட்டுரை இரண்டு பக்கம் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு பந்தயத்தைத் தவிர, ஹாமில்டனின் அணித் தோழர்கள் என்ன செய்தார்கள் என்ற பேச்சே இல்லை.

2008 சில்வர்ஸ்டோன் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டுவிட்டுப் பெய்த நாள். முதலிடத்திலிருந்து கிளம்பியவர் ஹாமில்டனின் அணித் தோழர் கோவலைனன். ஹாமில்டன் நான்காவது இடத்திலிருந்து கிளம்பினார். இரண்டும் ஒரே மெக்லாரன். ஈரத் தடத்தில் தினமும் ஓட்டுகிற கோடு உதவாது. ரப்பர் படிந்த இடம்தான் அதிகம் வழுக்கும், வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் பிடிமானத்தைத் தேட வேண்டும். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். காரை வடிவமைத்த பொறியாளர் அதைச் சொல்லித்தர முடியாது. பந்தயம் முடிந்தபோது ஹாமில்டனுக்கும் இரண்டாவதாக வந்த ஹைட்ஃபெல்டுக்கும் நடுவில் 68 விநாடிகள். கோவலைனன் ஐந்தாவதாக வந்தார், ஒரு முழுச் சுற்று பின்தங்கி. அன்று அந்தக் காரில் இன்னொருவரை உட்கார வைத்துத்தான் இருந்தார்கள், ஐயா.

2020 துருக்கியிலும் இதே கதை. தடம் பனிக்கட்டி போல வழுக்கியது. கிளம்பும் வரிசையை முடிவு செய்கிற தகுதிச் சுற்றில் மெர்சிடஸ் கார்கள் திணறின, ஹாமில்டன் ஆறாவது இடத்தில் நின்றார். லேசான ஈரத்துக்கான இடைநிலை டயர்கள் ஒரே செட்டில் ஏறக்குறைய ஐம்பது சுற்று ஓட்டி, அதன் பள்ளங்கள் எல்லாம் தேய்ந்து வழவழப்பான பிறகும் நிற்காமல் ஜெயித்து, ஏழாவது பட்டத்தை வாங்கினார். அதே கார் வைத்திருந்த போட்டாஸ் பலமுறை சுழன்று, பதினான்காவதாக முடித்தார்.

போட்டாஸ் சாதாரண ஓட்டுநர் இல்லை. ஐந்து ஆண்டு, 2017 முதல் 2021 வரை, இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். ஹாமில்டனுக்கு 50 வெற்றி, போட்டாஸுக்கு 10. அதற்கு முன் நான்கு ஆண்டு ரோஸ்பெர்க் பக்கத்தில் இருந்தார். ஹாமில்டனுக்கு 32 வெற்றி, ரோஸ்பெர்குக்கு 22. ஹாமில்டனின் முதல் ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2007-இல் இருபத்திரண்டு வயதுப் பையனாக வந்து, இரண்டு முறை உலக சாம்பியனாகியிருந்த அலோன்சோவோடு ஒரே அணியில் ஓட்டி, இருவரும் 109 புள்ளியில் சமமாக முடித்தார்கள். அப்போது மெர்சிடஸ் என்ற அணியே இல்லை.

அவர் தோற்ற கணக்கையும் நானே தருகிறேன், மறைக்க வேண்டியதில்லை. 2011-இல் மெக்லாரன் அணித் தோழர் பட்டன் அவரைத் தெளிவாக முந்தினார். இருவரும் சேர்ந்து ஓட்டிய 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகளையும் கூட்டினால்கூட பட்டனுக்கு 672 புள்ளி, ஹாமில்டனுக்கு 657. 2016-இல் ரோஸ்பெர்க் ஐந்து புள்ளியில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். மலேசியாவில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது இஞ்சின் வெடிக்காமல் இருந்திருந்தால் என்று நான் இழுக்க மாட்டேன், ரோஸ்பெர்க் உழைத்து வாங்கிய பட்டம் அது. 2022-லும் 2024-லும் மெர்சிடஸ் அணித் தோழர் ரஸ்ஸல் முன்னால் இருந்தார். ஃபெராரிக்குப் போன 2025-இல் அணித் தோழர் லெக்ளெர்க் 242 புள்ளி, இவர் 156. இதையெல்லாம் வைத்து ஒருவர் “இவர் எல்லாக் காலத்துக்கும் முதல்வர் இல்லை” என்று எழுதினால் நான் உட்கார்ந்து மரியாதையாகப் படிப்பேன். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளவும் செய்வேன். உங்கள் கட்டுரையாளர் இதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அவர் எடுத்தது 2020 சாகிர் பந்தயத்தை மட்டும். கோவிட் வந்து ஹாமில்டன் படுத்திருந்தபோது ரஸ்ஸல் அந்தக் காரில் ஏறி, தகுதிச் சுற்றில் போட்டாஸுக்கு 0.026 விநாடி மட்டுமே பின்தங்கி, பந்தயத்தில் முன்னணியிலும் ஓடினார். ஆகவே யார் ஏறினாலும் ஓடும் என்கிறார் கட்டுரையாளர். ரஸ்ஸல் ‘யாரோ’ அல்ல என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு திறமைசாலி திறமையாக ஓட்டினார் என்பது இன்னொருவர் திறமையில்லாதவர் என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்?

‘யாரை உட்கார வைத்தாலும்’ என்பதைச் சோதித்துப் பார்க்க ஆசை என்றால் ரெட் புல் அணியைப் பார்க்கலாம். 2023-இல் அந்தக் கார் 22 பந்தயங்களில் 21-ஐ ஜெயித்தது. வெர்ஸ்டாப்பனுக்கு 19, அணித் தோழர் பெரெஸுக்கு 2. அடுத்த ஆண்டு வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி, பெரெஸ் 152. பெரெஸை அனுப்பிவிட்டு 2025-இல் லாசனை உட்கார வைத்தார்கள், இரண்டே பந்தயத்தில் அவரையும் மாற்றிவிட்டு சுனோடாவை உட்கார வைத்தார்கள். மறுபக்கம் வெர்ஸ்டாப்பன் அதே ஆண்டு இரண்டு புள்ளியில்தான் பட்டத்தை இழந்தார்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் நானும் என் சித்தப்பா மகனும் வாரம் தவறாமல் வாடகைக்குக் கிடைக்கும் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டி ஓட்டப் போவோம். எல்லாக் கார்ட்டும் ஒரே மாதிரி, ஒரே இஞ்சின். அவன் என்னைவிடக் கனமானவன், கணக்குப்படி நான்தான் வேகமாக இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அரை விநாடி அவன் முன்னால் இருப்பான். என் கார்ட்டில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். ஒரு நாள் மாற்றிக்கொண்டோம். அவன் ஓட்டியது என் கார்ட், நான் ஓட்டியது அவனுடையது. மறுபடியும் அதே அரை விநாடி. அப்புறம்தான் வெளியே நின்று அவன் ஓட்டுவதைப் பார்த்தேன். பிரேக்கை ஒரே ஒரு முறை தொடுவான், ஸ்டீயரிங்கை ஒரே ஒரு முறை திருப்புவான். நான் வளைவுக்குள் போனபின் இன்னும் திருப்புவேன், முன்சக்கரம் உரசும், பின்பக்கம் வழுக்கும், அந்தச் சின்ன இஞ்சின் திரும்ப வேகம் எடுப்பதற்குள் அவன் போயிருப்பான். ஆறு மாதம் முயன்று அரை விநாடியைக் கால் விநாடி ஆக்கினேன். அதற்குமேல் முடியவில்லை. அந்தக் கால் விநாடி காரில் இல்லை என்பதை உடம்பால் தெரிந்துகொண்டவன் நான். அதனால்தான் அந்த வரி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

உங்கள் இதழில் இது முதல் முறையும் அல்ல. 2004-இல் ஷூமாக்கர் 18 பந்தயங்களில் 13-ஐ ஜெயித்தபோதும் “ஃபெராரிதான் ஜெயிக்கிறது” என்றே எழுதினீர்கள். அதே ஃபெராரியில் பாரிக்கெல்லோ ஜெயித்தது இரண்டு என்று கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. ரோஸ்பெர்க் பட்டம் வென்ற ஐந்தாம் நாள் ஓய்வு பெற்றபோது நான்கு வரிச் செய்தி. 2021 அபுதாபியில் கடைசிச் சுற்றில் பாதுகாப்பு கார் விதியை நடத்திய விதத்தைப் பற்றி உலகமே பேசியது, உங்கள் பக்கத்தில் கோப்பைப் படம் மட்டும் வந்தது. மே முதல் நாள், இமோலா பந்தயத்தில் இறந்த சென்னாவை நினைவுகூர்கிறீர்கள், நல்லது. அதே இமோலாவில் அதற்கு முந்தின நாள் இறந்த ராட்சென்பெர்கரை ஒரு தடவையாவது நினைத்ததுண்டா? கார் மோதி உடைந்தால் அரைப்பக்கப் படம் வருகிறது. ஓட்டுநர் டயரைக் காப்பாற்றி இருபது சுற்று ஓட்டியது வருவதில்லை.

இன்னொன்று. தந்தை ஒரே நேரத்தில் பல வேலை பார்த்து வாங்கித் தந்த கார்ட்டில் தொடங்கி, அந்தக் கட்டத்தில் தன்னைப் போன்ற நிறத்தவர் ஒருவரும் இல்லாத இடத்துக்கு வந்து, 2008-இல் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் பார்வையாளர்கள் முகத்தில் கறுப்புப் பூசிக் கேலி செய்ததையும் தாங்கியவரை, “வாய்ப்பு வாய்த்தவர்” என்ற ஒற்றைச் சொல்லில் முடித்திருக்கிறீர்கள். அதை உங்கள் கட்டுரையாளர் மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது இரண்டு. 2008 பட்டம் மெக்லாரனில் வந்தது என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். பந்தய முடிவு அட்டவணையில் இப்போது முதல் பத்துப் பேரும் புள்ளியும் மட்டும் வருகிறது. பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்து, அணித் தோழர் தகுதிச் சுற்றில் எவ்வளவு நேரம் முன்னே அல்லது பின்னே என்று போடுங்கள். இடம் இல்லை என்றால் கீழே இருக்கும் படத்தை இரண்டு அங்குலம் குறைத்தால் போதும். 2004-இல் அனுப்பிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்