நித்யாவைக் கொல்ல வேண்டாம்

திருச்சி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. பானு மாமி உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். இதற்கு மேல் குசலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கல்யாணமான துப்பறிவாளனை வைத்துக்கொண்டு தொடரை நகர்த்த முடியவில்லை என்றும், மனைவி இறந்தால்தான் அவனுக்கு ஒரு வேகம் வரும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார் என்றும், ஆகவே ஐந்தாவது அத்தியாயத்தில் நித்யாவைக் கொன்றுவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. ஆசிரியருக்குப் பதில் எழுதுவதற்கு முன் 'தி தின் மேன்' படத்தை ஒருமுறை முழுதாகப் பார். கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் அதைத் திரையிட்ட அன்று நீயும் கிளாராவும் பின்வரிசையில் உட்கார்ந்து மூன்றாவது ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆகவே நீ அதைப் பார்த்ததாக நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1934இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோ எடுத்த படம் அது. நிக் சார்லஸ் ஒரு காலத்தில் துப்பறிவாளனாக இருந்தவன். பணக்காரப் பெண்ணான நோராவை மணந்த பிறகு தொழிலை விட்டுவிட்டு அவளுடைய சொத்தைப் பார்த்துக்கொள்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இருவரும் நாயையும் அழைத்துக்கொண்டு நியூயார்க் வந்திருக்கும்போது, பழக்கமான ஒரு விஞ்ஞானி காணாமல் போகிறார், அவருடைய முன்னாள் செயலாளர் கொலை செய்யப்படுகிறாள். விஞ்ஞானியின் மகள் வந்து கெஞ்சுகிறாள், போலீஸ் வருகிறது, பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். நிக்குக்கு மட்டும் அந்த வழக்கில் துளியும் விருப்பமில்லை. அவன் துப்பறிய வேண்டும் என்று விடாமல் தூண்டுபவள் நோராதான். அவளுடைய ஆர்வத்தை எடுத்துவிட்டால் நிக் அந்த விடுதி அறையின் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே மாட்டான், படமும் அங்கேயே நின்றுவிடும். உன் ஆசிரியர் தேடுகிற வேகம் உயிரோடிருக்கும் மனைவியிடமிருந்தே வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. (படத்தின் பெயரிலுள்ள ஒல்லியான மனிதர் காணாமல்போன அந்த விஞ்ஞானிதான். ஆனால் பார்வையாளர்கள் நிக்கையே அப்படி நினைக்கத் தொடங்கியதால், பின்னால் வந்த ஐந்து படங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.)

நோரா அறிமுகமாகும் காட்சியைக் கவனமாகப் பார். இரு கைகளிலும் கிறிஸ்துமஸ் பொட்டலங்களோடு, நாய் இழுத்த இழுப்புக்கு ஓடிவருகிறவள், அத்தனை பேர் முன்னிலையில் குப்புற விழுந்து தரையில் வழுக்கிக்கொண்டு போகிறாள். எழுந்து உட்கார்ந்த மறு நிமிடமே அந்த இடத்துக்கே அவள்தான் சொந்தக்காரி என்பதுபோல இருக்கிறாள். கணவன் எத்தனை மார்ட்டினி குடித்திருக்கிறான் என்று கேட்கிறாள். ஆறு என்று தெரிந்ததும், தனக்கு இன்னும் ஐந்து கொண்டுவந்து வரிசையாக வைக்கும்படி பரிமாறுபவரிடம் சொல்கிறாள். கணவனுக்கு எந்த வகையிலும் பின்தங்கியிருக்க அவளுக்குச் சம்மதமில்லை என்பது நமக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. வேறொருவராக இருந்தால் இதைச் சொல்ல ஒரு பக்க வசனம் எழுதியிருப்பார்கள்.

இன்னும் இரண்டு காட்சிகள். ஆபத்தான வேலையில் அவளைச் சேர்க்க விரும்பாத நிக், அவளை ஒரு டாக்சியில் ஏற்றி, ஜனாதிபதி கிரான்ட்டின் கல்லறைக்குக் கொண்டுபோகும்படி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறான். பிறகு அவன் கல்லறை எப்படி இருந்தது என்று கேட்கும்போது, அவள் அழவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. மிக அழகாக இருந்தது, அவனுக்கும் அதேபோல ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாகப் பதில் சொல்கிறாள். இன்னொரு இரவில் ஒருவன் துப்பாக்கியோடு படுக்கையறைக்குள் நுழைகிறான். குண்டுபடாமல் காப்பாற்றுவதற்காக நிக் அவளை ஒரு குத்துவிட்டுக் கீழே சாய்க்கிறான். என் நெஞ்சு இன்றைக்கும் அந்த இடத்தில் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் மயக்கம் தெளிந்ததும் நோரா கோபித்துக்கொள்வது, அவன் எதிரியை மடக்கியதைத் தன்னால் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்றுதான். அவள் கணவனை எவ்வளவு ரசிக்கிறாள் என்பது அந்தக் கோபத்தில் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் விடாமல் சீண்டுகிறார்கள், ஆனால் எந்தச் சீண்டலும் மற்றவரைச் சிறுமைப்படுத்துவதில்லை.

இது தற்செயலாக அமைந்துவிடவில்லை, மீனா. திரைக்கதை எழுதிய பிரான்சிஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவி. இயக்குநர் வான் டைக், படத்துக்கு மூலமான டாஷியல் ஹாமெட்டின் நாவலை ஓர் அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, நிக், நோரா இருவருக்கும் இடையிலான காட்சிகளில் கவனம் செலுத்தும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டார். கொலை மர்மம் இரண்டாம் இடம்தான் என்று துப்பறியும் படத்தை இயக்குபவரே தீர்மானித்தது எவ்வளவு துணிச்சல்! நோராவாக நடித்த மிர்னா லாய் அதுவரை பெரும்பாலும் மயக்கும் வில்லிகளாகவே நடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு இந்த வேடத்தைக் கொடுக்க ஸ்டுடியோ தலைவர் மேயர் தயங்கியபோது, வான் டைக் விடாப்பிடியாக நின்று, இரண்டு மூன்று வாரங்களுக்குள் படத்தை எடுத்தும் முடித்துவிட்டார். நிக்காக நடித்த வில்லியம் பவலும் லாயும் மொத்தம் 14 படங்களில் சேர்ந்து நடித்தார்கள். அவர்கள் நிஜத் தம்பதிகள் என்றே ஏராளமானோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பவலின் குரலால் மட்டும் வந்ததில்லை. அவர் பேசும்போது லாய் கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தைப் பார். கிறிஸ்துமஸ் காலையில் நிக் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மரத்தில் கட்டிய பலூன்களைப் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்க, புதிய ஃபர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து நோரா அவனைப் பார்க்கிற பார்வை ஒன்று போதும், அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள.

ஒன்றை மட்டும் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளாதே, குடியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில்தான் நீங்கியது, ஆகவே அப்போது அது ஒரு கொண்டாட்டமாகவே திரையில் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ரகுவை அந்த நிலைமையில் பார்த்த பிறகு என்னால் அந்தக் கோப்பைகளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. ஹாமெட் இந்த நாவலைத் தன் வாழ்க்கைத் துணையாக இருந்த நாடகாசிரியர் லிலியன் ஹெல்மனுக்குச் சமர்ப்பித்தார். நோரா நீதான் என்று ஹாமெட் தன்னிடம் சொன்னதாக ஹெல்மனே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு ஹாமெட் 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், இன்னொரு நாவல் வெளிவரவே இல்லை. திரையில் நிக் எத்தனை குடித்தாலும் நிதானம் தவறுவதில்லை, அவனைப் படைத்தவருக்கு அப்படி வாய்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர்களிடம் கதைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சபேசன் அண்ணா காலையில் உனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டும்போது, மந்திரிகளின் பெயருக்குப் பதிலாக உன் சித்தப்பாக்களின் பெயரைப் போட்டு முகத்தை மாற்றாமல் வாசிப்பாரே, நீயும் அவரை நிறுத்தாமல் அடுத்த செய்தி என்ன என்று கேட்பாயே, அதை நான் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நேரில் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே நித்யாவுக்குக் கொடு. அவள் காபி கொண்டுவருவதை நிறுத்து, கணவனிடம் கேள்வி கேட்கச் சொல். வாசகருக்கு எழும் சந்தேகத்தை அவள் கேட்டால், துப்பறிவாளன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அந்த நீண்ட பத்திகள் எல்லாம் தேவையற்றுப் போய்விடும். கொலைகாரனை அவள் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, நோரா கண்டுபிடிக்கவில்லை. சந்தேகத்துக்குரிய அத்தனை பேரையும் நிக் ஒரு விருந்துக்கு வரவழைத்து, பரிமாறுபவர்கள் வேடத்தில் போலீஸ்காரர்களை நிறுத்திவைக்கும் கடைசிக் காட்சியில், மேஜையின் எதிர்முனையில் அமர்ந்து அந்த விருந்தை நடத்துபவள் அவள். குற்றவாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீயே பார்.

ஆசிரியரிடம் ஒரு வாரம் அவகாசம் கேள். முதல் நான்கு அத்தியாயங்களின் பிரதியை எனக்குக் கூரியரில் அனுப்பு. சுமதி மகள் கல்யாணத்துக்கு நீ வரும்போது குறிப்புகளோடு திருப்பித் தருகிறேன். பந்தியில் கிளாராவுக்கும் எனக்கும் நடுவில் இடம் பிடித்துவை.

அன்புடன்,
வசந்தா