வரலாற்று ஆசிரியர்களுக்கு: பாதையைக் காட்டிவிட்டுப் போரைச் சொல்லுங்கள்

மலையகப் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் மகளின் வரலாற்றுக் கொப்பியைப் புரட்டினேன். "அசோகர் ஏன் கலிங்கத்தின் மீது படையெடுத்தார்?" என்ற கேள்விக்கு "நாடு பிடிக்கும் ஆசை" என்று எழுதியிருந்தாள். சரி போட்டிருந்தது. அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள், வணிகப் பாதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கலிங்கம் என்பது இன்றைய ஒடிசாக் கரை. அசோகரின் மகத நாட்டிலிருந்து தெற்கே போகும் கரையோர வழியும் வங்கக் கடல் துறைமுகங்களும் அதன் கையில் இருந்தன. அங்கே ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக் கொண்டுபோகப்பட்டதாகவும் அசோகரே தமது 13ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்துகிறார். அதற்கு முன்பே மகத அரசன் பிம்பிசாரன் அங்க நாட்டைப் பிடித்தான். அதன் தலைநகர் சம்பா, கங்கைக் கரைத் துறைமுகம்.

தக்காணத்தை ஆண்ட சாதவாகனர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். தக்காணத்துச் சரக்கு மேற்குக் கரைக்கு மலைக் கணவாய்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். நானேகாட் கணவாயில் சாதவாகனர் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்திலேயே சுங்கக் காசு போட்டது என்று சொல்லப்படும் பெரிய கல்தொட்டி. கீழே கல்யாண் துறைமுகம், வடக்கே, மேற்கிந்தியாவை ஆண்ட சகர் கையில் பரூச் துறைமுகம். கல்யாணுக்கு வந்த கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு பரூச்சுக்குக் கொண்டுபோனார்கள் என்று அக்காலக் கிரேக்கக் கடற்குறிப்பு ஒன்று சொல்கிறது. கடைசியில் கௌதமிபுத்திர சாதகர்ணி, சக அரசன் நகபானனைத் தோற்கடித்தார். 1906இல் நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் 13000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் நகபானனின் முத்திரைக்கு மேலேயே வென்றவரின் முத்திரை! அந்தக் காசின் படத்தை வகுப்பில் காட்டினால் எந்தப் பிள்ளை மறக்கும்?

நம் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து கொழும்புக்கு வீதி போட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, கோப்பி மூட்டைகளை இறக்குவதற்காக. அதே கோப்பிக்காகத்தான் நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த முறை கலிங்கப் போர் பாடம் வரும்போது, கரும்பலகையில் முதலில் ஆறுகளையும் கணவாய்களையும் துறைமுகங்களையும் வரையுங்கள். "இதில் எதைப் பிடித்தால் சுங்கம் யாருக்குப் போகும்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அப்புறம் அரசரின் பெயரைச் சொல்லுங்கள். வரைபடம் இல்லாத பாடசாலை என்றால் தயங்காமல் கேளுங்கள், பெற்றோர் நாங்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
ஒரு தந்தை