ஓவிய ஆசிரியருக்கும் மே மாதம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவன் நான். படம் விற்று வாடகை கட்ட முடியவில்லை. சனி, ஞாயிறுகளில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். போன வாரம் காக்காவுக்கு முழுக்கக் கறுப்பு அடித்த ஒரு பையன், வேலியில் உட்கார்ந்திருந்த காக்காவை உற்றுப் பார்த்தான். அப்புறம் அவனாகவே கழுத்தில் சாம்பல் நிறம் தீட்டினான். பார்க்கக் கற்றுக்கொண்டான்! ஆனால் கட்டணம் கேட்டால், "படம் வரையத்தானே சார், இவ்வளவா?" என்கிறார்கள். கணக்கு டியூஷனுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

சொல்லித் தருவதால் கலைஞன் குறைந்துவிடுவதில்லை. 1966-ல் சென்னை அருகே ஓவியர்கள் கூடி வாழ்ந்து வேலை செய்யும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்ற கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான்.

அரசுப் பள்ளிப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் பாடு இன்னும் கஷ்டம். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள், வாரம் மூன்று அரைநாள் வேலை. தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது, சரி. ஆனால் மே மாதச் சம்பளம் இல்லாமலே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். மே மாதத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா? இவர்களை நிரந்தரமாக்கி, நிரந்தர ஆசிரியர்களுக்குப் போல ஆண்டுதோறும் உயரும் காலமுறை ஊதியம் தர வேண்டும். ஓவியப் பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் தலைமை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும்.

— ஓர் ஓவியர், கும்பகோணம்