ஏற்காட்டிலிருந்து குமரேசனுக்கு

ஏற்காடு
18 பிப்ரவரி

அன்புள்ள குமரேசா,

பாப்பா கல்யாணத்துக்கு வராததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. காரணத்தைச் சொன்னால் நீ பழைய வாழப்பாடிக் கதையை எடுத்துச் சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை. மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறி விழுந்துவிட்டேன். இடது கால் முறிவு. சரி, சிரித்து முடித்துவிட்டுப் படி.

ஒரு மாதமாகத் திண்ணைதான். எதிரே குரங்குகள். வயிற்றில் குட்டியோடு ஒருத்தி தினமும் பலாவிலிருந்து சில்வர் ஓக்குக்குப் போகிறாள், விரல் பருமன் கிளையில். இடது பின்கால், அடுத்து வலது கை. வலது பின்கால், இடது கை. நாயோ மாடோ நடந்தால் இடது பின்காலுக்கு அடுத்து இடது முன்கால்தான் வரும், கவனித்துப் பார். இவள் பாரத்தைப் பின்காலில் வைத்துக்கொண்டு, கையால் தொட்டுப் பார்த்துப் போகிறாள். கிளை ஆடினால் முட்டியை மடக்கித் தணிந்துகொள்கிறாள்.

சுமத்ராவின் ஒராங்குட்டான் இதற்கு நேர்மாறு. மெல்லிய கிளையில் முட்டியை நிமிர்த்தி, மேல் கிளையைப் பிடித்தபடி இரண்டு காலில் நடக்கிறதாம். 2007இல் சூசன்னா தோர்ப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதியது, மகள் தேடிக் கொடுத்தாள். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் மேல்கம்பியில் தொங்கினோமே, அதேதான்!

அப்படியானால் குரங்கிலிருந்து மனிதன் வந்ததாக நம் விலங்கியல் வாத்தியார் வரைந்த வரிசை என்னாவது? கூன் போட்ட குரங்கு தரைக்கு வந்து நிமிர்ந்ததாம். மரத்திலேயே நிமிர்ந்திருக்கலாம் என்கிறார்கள் இவர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்த டானுவியஸ் என்ற வாலில்லாக் குரங்கின் எலும்பு 1.16 கோடி ஆண்டுப் பழையது. நிமிர்ந்த கால், கிளையைப் பற்றும் பெருவிரல் என்று 2019இல் அறிவித்தார்கள். ஒப்பாதவர்களும் உண்டு. ஆனால் மனித இனத்தின் பழைய உறவான எத்தியோப்பியாவின் ஆர்டிபிதிகஸ், 44 லட்சம் ஆண்டுக்கு முன், இரண்டு காலில் நடந்தும் பற்றும் பெருவிரலை விடவில்லையே. நீ வாத்தியார் பக்கம்தான் பேசுவாய், தெரியும்.

நேற்று வாக்கர் பிடித்து நடந்தேன். நாலு அடி. தரை ஆடவில்லை, நான்தான் ஆடினேன். பயமாக இருந்தது குமரேசா. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம், மார்ச்சில் நிழல் மரங்களைக் கவாத்து பண்ண ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கிளை போனால் அவள் தரையில் இறங்கித்தான் போகணும், கீழே நாய்கள். அதை மட்டும் விடச் சொன்னேன். மேஸ்திரி என் காலைப் பார்த்தான், அப்புறம் தலையைப் பார்த்தான்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். விழுவதற்கு முன் பறித்த மிளகு காய்ந்துவிட்டது. அரை கிலோ பாப்பாவுக்கு அனுப்புகிறேன்.

உன்
செல்வராசு