வெள்ளம் வரும் முன் படகு என்ஜினை ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழவேற்காட்டில் 18 ஆண்டுகள், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் பழுதுபார்த்தவன் நான். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் காவேரிப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

சென்ற மாதம் இங்கே ஏரிக்கரையில் மீட்புப் படகு ஒத்திகை நடந்தது. கயிற்றை இழுத்து இழுத்துப் பையன்களுக்குத் தோள்பட்டை ஓய்ந்ததுதான் மிச்சம். எப்படியோ புகை கக்கிக் கிளம்பிய என்ஜின், ஆக்சிலேட்டரைத் திருகியதும் அணைந்தது.

மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். கியர் நியூட்ரலில் இருந்தது, டேங்க் மூடியின் காற்றுத் திருகும் திறந்திருந்தது. கோளாறு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருந்தது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஜெட்டைக் கழற்றி ஊதியதும் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆக்சிலேட்டர் கேபிள் துருவேறி, ஆக்சிலேட்டரைத் திருப்பி மூடினாலும் வேகம் குறையவில்லை. எனக்குப் பயமே அதுதான். தண்ணீரில் தத்தளிப்பவரைத் தூக்கும்போது அப்படி நடந்தால் படகை உந்தும் விசிறி அவர் காலை வெட்டிவிடும்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை வேலூர், ராணிப்பேட்டைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதிகாரிகளைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: மாதம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என்ஜினின் அடிப்பாகத்தை அதில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) கருகிவிடும். நிறுத்தும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானே அணையும்வரை விடுங்கள். கேபிளுக்குக் கிரீஸ் வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு மெக்கானிக்,
காவேரிப்பாக்கம்