அந்த அட்டையைப் பிரிக்காதே

அன்புள்ள சரவணா,

பதில் போடவில்லை என்று திட்டியிருந்தாய். தகும். நீ கேட்டது வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற கேள்வி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி உன் மண்டையில் முடி கொட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

"லோஷனை விட்டுட்டு மாத்திரைக்கு மாறவா" என்கிறாய். எந்த மாத்திரை? ஃபினாஸ்டரைடு வேறு, மினாக்ஸிடில் வேறு. முன்னது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், முடியை மெலிய வைக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாறுவதைத் தடுத்து, மயிர்க்கால் சுருங்குவதை நிறுத்தப் பார்க்கும். பின்னது ஹார்மோன் பக்கமே போகாது; முடியை வளரும் கட்டத்தில் கூடுதல் நாள் பிடித்து வைக்கும். நீ படமெடுத்து அனுப்பிய அட்டை மினாக்ஸிடில் 5 மில்லிகிராம். நீ பூசுகிற அதே சரக்கைத்தான் இனி விழுங்கப் பார்க்கிறாய்.

"சாப்பிட்டா டபுளா வளரும்" என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்களாம். பிரேசிலில் வழுக்கை விழுந்த ஆண்களுக்குத் தினம் 5 மில்லிகிராம் மாத்திரை ஒரு பக்கம், 5 சதவீத லோஷன் இரு வேளை ஒரு பக்கம் என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை மேல் என்று காட்ட முடியவில்லை. ஆக, எது அதிகம் வளர்க்கும் என்பதை விட்டுவிடு. எதை உன் உடம்பு தாங்கும், எதை நீ ஒழுங்காகச் செய்வாய் என்று மட்டும் பார்.

ஒழுங்கு என்றதும் சிரிப்பு வருகிறது. நீ லோஷன் பூசும் லட்சணம் எனக்குத் தெரியாதா? குளித்த ஈரத்தோடு, தேங்காய் எண்ணெய் வைப்பது போல முடியில் வழித்துவிட்டு ஓடுவாய். மருந்து தோலில் இறங்க வேண்டும். தலை காய்ந்திருக்கணும். வகிடு வகிடாகப் பிரித்து, டிராப்பரில் ஒரு மில்லி, சொட்டை விழும் இடத்தில் மட்டும். நாலு மணி நேரம் தலைக்குத் தண்ணீர் கூடாது. தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசி முடி. இல்லாவிட்டால் மருந்து தலையணைக்குத்தான். உன் வீட்டுப் பூனை அதில் படுக்கும் அல்லவா? மினாக்ஸிடில் பூனைக்கு விஷம், நக்கினால் உயிருக்கே ஆபத்து. அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணம். அது இல்லாத நுரை மருந்து கேள். தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் கொத்தாகக் கொட்டினால் பதறாதே, பழைய முடி இடம் விடுகிறது. கணேசன் அங்கேதான் நிறுத்தினான். ஆறு மாதம் கழித்துத்தான் தீர்ப்பு.

அப்படிச் செய்தும் பலிக்காதவர்கள் உண்டு. மினாக்ஸிடில் வேலை செய்ய மயிர்க்காலில் ஒரு நொதி அதை மாற்றித் தர வேண்டும். சிலருக்கு அது குறைவு. மாத்திரை என்றால் அந்த வேலையைக் கல்லீரலும் செய்யும். அவர்களுக்கு மாத்திரையில் நியாயம் இருக்கிறது.

உனக்கு? இங்கேதான் எனக்குப் பயம். மினாக்ஸிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. ரத்தக்குழாயை விரிக்கும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். நீ ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாய். அதுவே கணுக்காலை வீங்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம், கால் வீங்கலாம், எது எதனால் என்றே தெரியாது. முடிக்காக மினாக்ஸிடிலை விழுங்கத் தருவதற்குத் தனி அனுமதி கிடையாது. டாக்டர் தன் பொறுப்பில், குறைந்த அளவில், பெரும்பாலும் 2.5 மில்லிகிராமோ அதற்கும் கீழோ தொடங்கி, நாடியையும் எடையையும் பார்த்துக்கொண்டே தருவார். நீ நேராக 5-இல் குதிக்கிறாய். கன்னத்திலும் காதிலும் முடி முளைப்பது தனிக் கூத்து.

உன் லோஷன் பாட்டிலின் பின்பக்கத்தையும் படி. மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டரைடும் கலந்தே நிறைய விற்கிறது. பூசினாலும் அது கொஞ்சம் ரத்தத்தில் சேரும். ஆசை குறைவது, மனச்சோர்வு என்று ஏதாவது தோன்றினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். ஃபினாஸ்டரைடை மாத்திரையாகவே ஆரம்பித்தால், புரோஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும். சோதனைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போ. நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானமும் கூடாது, கொடை வள்ளலே.

அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போ, பிரஷர் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். என்ன சொன்னார் என்று போன் பண்ணு. முத்து மகள் கல்யாணம் தையில். தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் மண்டபத்துக்குள் விடமாட்டோம்.

உன்,
ராமு